படுத்தான் பாறை எழுந்து நின்ற வருசம்

கோணமந்தை சந்தைக்குக் கிழக்கே, யாருக்கும் நினைவு தெரியாத காலத்திலிருந்து எருமை மாதிரி நீட்டிப் படுத்துக் கிடந்ததால் படுத்தான் என்று பேர் வாங்கிய பாறை, சித்திரை மாசக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரர்கள் சொசைட்டியில் கேனை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சோம்பல் முறித்து, முன்பக்கத்தை மெல்லத் தூக்கி, பின்பக்கத்தை மண்ணில் ஊன்றி, ரெண்டு தென்னை உயரத்துக்கு நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. மாடோ எருமையோ எழுந்தால் பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றும், இது முன்பக்கத்தை முதலில் தூக்கியது, ஆகவே இது மாட்டுச் சாதி கிடையாது என்று சந்தைக்காரர்கள் டீ ஆறுவதற்குள் தீர்மானம் செய்துவிட்டார்கள். அதற்கு மேல் ஆராய எங்களுக்கு நேரமில்லை. மறுநாள் புதன்கிழமை, சந்தை நாள். நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும், பஸ் காசு நான் தரமாட்டேன்.

பாறை எழுந்ததில் யாரும் சாகவில்லை. பாறையின் தலைமாட்டில் இருந்த முனியப்பன் கோயிலும், அதன் ஓரத்துச் சுனையும், ஒரு பூவரச மரமும், தலை மட்டும் முன்பு போலவே மட்டமாகத் திரும்பிக்கொண்டதால், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் மேலே போய்விட்டன. கீழே எங்களுக்குக் கிடைத்தது நிழல். காலை வெயிலில் சந்தை முழுக்க விழுந்த அந்த நிழலுக்கு அடுத்த வாரமே விலை வந்துவிட்டது. குத்தகைதாரர் நிழல் விழுகிற கடைக்குக் கூடுதல் சுங்கம் என்றார். நிழல் நகருகிறதே, நகர்ந்து போன பிறகு பாதியைத் திருப்பித் தருவாயா என்று நான் சட்டையைப் பிடித்தேன். ஒரு மாசம் சண்டை போட்டு, நிழல் எல்லாருக்கும் பொது என்று முடிந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தவர்கள் பின்மதிய நிழலில் செடி சுணங்குகிறது என்று புலம்பினார்கள், அப்புறம் புதினா நட்டார்கள், அப்புறம் புலம்பலை விட்டுவிட்டார்கள். அதிகாரிகள் வந்து அண்ணாந்து பார்த்து, கழுத்து வலிக்கத் திரும்பிப் போனார்கள். ஊர் ஒரு அதிசயத்தைச் செரிக்க அவ்வளவு காலம்தான் பிடிக்கும்.

செரிக்காமல் நின்றது ஒன்றே ஒன்று. பாறை எழுந்த நேரத்தில் அதன் தலைமேல் பூங்காவனம் இருந்தார்.

பூங்காவனம் எங்கள் சந்தையின் மாட்டுத் தரகர். எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் கிடையாது. விற்கிறவன் ஒரு விலையைச் சத்தமாகச் சொல்லுவான், அது பொய். வாங்குகிறவன் ஒரு விலையைச் சத்தமாகச் சொல்லிக் காறித் துப்புவான், அதுவும் பொய். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போர்த்துவார், அந்தத் துண்டுக்குள் கையை விட்டு அவர் விரலைப் பிடிப்பார்கள், எத்தனை விரல் பிடித்தார்கள், எந்தக் கணுவில் அழுத்தினார்கள் என்பதுதான் நிஜ விலை. அது அந்த ரெண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். பூங்காவனத்தின் துண்டுக்குள் முடிந்த விலை, முடிந்ததுதான். அப்படிப்பட்டவர் முந்தின சந்தையில் தன் சொந்தப் பெண்டாட்டி கன்றிலிருந்து வளர்த்த செவலைப் பசுவை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், துண்டுக்குள் விலை முடித்து ராயக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருத்தனுக்கு ஓட்டிவிட்டார்.

அந்தப் பெண்டாட்டி மாதம்மா. மாட்டுக் கயிறு விற்கிறவள். மூக்கணாங்கயிறு, தாம்பு, கழுத்துக் கயிறு என்று அவள் கடையில் தொங்குகிற எதையும் ரெண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்க்கலாம், நூல் அளவு நீளாது, அதுதான் அவள் பெருமை. அவள் கடைக்குப் பக்கத்தில் மணியும் கழுத்துப்பட்டையும் விற்கிறவன் நான், சாம்ராஜ். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியலில் அவள் போட்ட சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாறைத் தலைக்குப் போன மனுசன், பாறை எழுந்ததில் ஆடுகளோடு மேலேயே தங்கிவிட்டார்.

முதல் ரெண்டு நாள் ஊரே கீழே நின்று கத்தியது. தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது, ஏணி பாறையின் முட்டி வரைக்கும்தான் எட்டியது. பிறகு பூங்காவனம் ஆடு கட்டுகிற கயிறுகளை ஒன்றோடு ஒன்று முடிந்து கீழே விட்டார். ஆளைத் தாங்காது, ஆனால் ஒரு கூடையைத் தாங்கும். அதில் பிழைப்பு ஓடத் தொடங்கியது. மாதம்மா தினமும் ஒரு கட்டுப் புல் அனுப்புவாள்.

"ஆட்டுக்குத்தான் அனுப்பறேன். அந்த ஆளுக்குன்னு நெனச்சிக்கிட்டு எவனாவது பேசனீங்க, பாத்துக்குங்க."

புல்லுக்குள்ளே கேழ்வரகுக் களி உருண்டையும் கீரைக் கடைசலும் இருக்கும். கூடை இறங்கும்போது ஒரு சொம்பு ஆட்டுப்பால் வரும். மாதம்மா அதை வாங்கி, மோந்து பார்த்து, "பால்ல தண்ணி கலந்திருக்கான்" என்று சொல்லிக் குடித்துவிடுவாள். மேலே இருந்து பூங்காவனம் கூடையோடு சேர்த்துச் சொன்ன சேதி ஒன்றுதான், அதைக் காற்று அடங்கிய நேரத்தில் எல்லாரும் கேட்டோம்: "அவளே வந்து கூப்பிடட்டும்." இதற்கு மாதம்மா சொன்னது: "பசுவை வித்தது அவன். நான் எதுக்குப் போவணும்?"

சந்தையில் இருக்கிற யாருக்கும் இது புரியும். பேரத்தில் யார் முதலில் ஓரடி எடுத்து எதிராளியின் பக்கம் வைக்கிறானோ அவன் தோற்றான். மாடு பிடித்திருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ரெண்டு பேரும் பழுத்த சந்தைக்காரர்கள், ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே, ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். சித்திரை போய் வைகாசி போய் ஆனி வந்தது. எனக்கு ஆத்திரம். ஐப்பசி வந்தால் எங்கள் பக்கத்தில் இடி எப்படி விழும் என்று எல்லாருக்கும் தெரியும். நெட்டுக்குத்தாக நிற்கிற பாறையின் உச்சியில், ஒரே ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவனை இடி தேடிக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. ஐப்பசிக்குள் அவர் இறங்க வேண்டும், இல்லையென்றால் மாதம்மா அந்தக் கடையில் தனியாக உட்கார வேண்டியதுதான். இதை நான் வாய்விட்டே சொன்னேன்.

"எடுத்து வெச்ச மணியப் பாரு, துரு ஏறுது" என்றாள் மாதம்மா.

ஆனிக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பாறை ஏறுவதைத் தொழிலாகக் கற்றுக்கொடுக்கிற கூட்டம். அதில் தலைவி ரெஜினா, கோலார் தங்கவயல் பெண், அவள் வீட்டில் எல்லாரும் ஒரு காலத்தில் பூமிக்குள் இறங்கிச் சம்பாதித்தவர்கள், இவள் ஒருத்திதான் மேலே ஏறிச் சம்பாதிக்கிறாள். வேனிலிருந்து இறங்கிப் பாறையைத் தடவிப் பார்த்தாள். இது எழுந்து நின்ற பாறை என்று நாங்கள் சொன்னபோது, "அதான் கால் புடிக்கப் பரு பருவா நல்லா இருக்கு, தண்ணி ஓடித் தேயல" என்றாள். அந்தப் பதில் எங்களுக்குப் பிடித்துப்போனது. பாறையில் துளை போட்டு இரும்புக் கொக்கி அடிக்க வேண்டும் என்றபோது மட்டும், முனியப்பனின் பாறைக்கு வலிக்குமே என்று ஊர் ரெண்டாகப் பிரிந்து பேசியது. கடைசியில், மாட்டுக்கு மூக்குக் குத்துகிறோமே, அது மாதிரி என்று முடிவாகி, மஞ்சள் தடவிக் குத்தச் சொன்னோம். ரெஜினா மறுக்கவில்லை. கூட்டாளி கயிற்றைப் பிடிக்க, கொக்கி கொக்கியாக அடித்து ஏறி உச்சிக்குப் போய்விட்டாள். கீழே நாங்கள் சந்தையை மறந்து நின்றோம். அவள் இறங்கி வரும்போது பூங்காவனம் வரவில்லை.

"பால் குடுத்தாருண்ணா" என்றாள் என்னிடம். "பெல்ட்டு மாட்டி எறக்கறேன், வாங்கன்னா, பொண்டாட்டி வந்து கூப்புடட்டும்ன்றாரு. கட்டித் தூக்கி எறக்கற வேலை நான் செய்யமாட்டேன். பயந்த ஆளையும் எறக்கலாம், கோவத்துல கைய கால ஒதர்ற ஆள எறக்கமுடியாது. ரெண்டு பேரும் போயிடுவோம்."

எல்லாரும் மாதம்மாவைப் பார்த்தார்கள். மாதம்மா ரெஜினாவைப் பார்க்கவில்லை, அவள் தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். கிட்டப் போய், ஒரு முழத்தைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள். பிறகு சந்தைக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

"என்னா கயிறும்மா இது, ரப்பர் மாதிரி இழுபடுது? இதுல எருமையக் கட்டுனா எருமை பக்கத்து ஊர்ல மேஞ்சிட்டு வரும்."

"மாட்டக் கட்டற கயிறு வேற, மனுசன் விழற கயிறு வேற அக்கா. இது இழுபடத்தான் செஞ்சிருக்காங்க."

"நல்லாச் சொன்ன போ. இளகற கயித்துக்கு வெல சொல்ல உங்க ஊர்லதான் முடியும்."

ரெஜினா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே பேரம் முறிந்திருக்கும். "உங்க கயிறு ஒண்ணு குடுங்க, என் கயிறு ஒண்ணு. மூட்டையில மணல் போட்டுக் கட்டி விட்டுப் பாக்கலாம்" என்றாள். சந்தையில் சோதனை என்றால் யாரும் பின்வாங்க முடியாது. மூட்டையின் எடை மாதம்மாவின் எடையே இருக்க வேண்டும் என்றாள் ரெஜினா. புளி மண்டித் தராசில் ஊர் பார்க்க மாதம்மா ஏறி உட்கார்ந்தாள், மறு தட்டில் மணலைக் கொட்டினார்கள், கொட்டக் கொட்டத் தட்டு இறங்கவில்லை, "லாரி ஒண்ணு சொல்லி அனுப்பலாமாக்கா" என்று புண்ணாக்குக் கடைக்காரன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சந்தைப் புளியமரத்தின் கனத்த கிளையில் கயிற்றைக் கட்டி, மணல் மூட்டையின் இடுப்பில் மறுமுனையை முடிந்து, மூட்டையைக் கிளை உயரத்துக்குத் தூக்கி விட்டுவிட்டார்கள். முதலில் மாதம்மாவின் கயிறு. மூட்டை விழுந்தது, கயிறு விறைத்தது, மரமே ஒரு முறை முனகியது. கயிறு அறவில்லை. நூல் அளவு நீளவுமில்லை. ஆனால் மூட்டை, கயிறு சுற்றியிருந்த இடுப்போடு ரெண்டாகக் கிழிந்து, மணல் முழுக்கக் கொட்டி, கயிற்றின் முனையில் ஒரு கந்தல் மட்டும் ஆடியது. ரெண்டாவது ரெஜினாவின் கயிறு, அதே எடைக்குப் புது மூட்டை. விழுந்தது, கயிறு நீண்டு கூடவே கொஞ்ச தூரம் கீழே போனது, போய், மெல்ல நிறுத்தி, மெல்ல மேலே வாங்கிக்கொண்டது. மூட்டை தூளி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பிடி மணல் சிந்தவில்லை.

சிரிக்க வந்த சந்தை சிரிக்கவில்லை. மாதம்மா போய்க் கிழிந்த மூட்டையின் கந்தலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் கயிற்றைத் தடவிப் பார்த்தாள், அதில் ஒரு கீறலும் இல்லை. மணலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள், கடைக்கு ஆள் வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் கயிற்றை விலை குறைத்துக் கேட்டவர்களுக்குக் கேட்ட விலைக்கே கொடுத்தாள், எனக்குப் பயமாகப் போய்விட்டது. சந்தை கலையும் நேரத்தில் ரெஜினாவிடம் போய் நின்றாள்.

"எனக்கு ஏறக் கத்துக்குடு. அவனக் கூப்பிடறதுக்கு இல்ல. இந்தப் பாற எம்மாத்தம்னு பாக்கறதுக்கு."

ரெஜினா தலையாட்டினாள். நாங்களும் நம்பின மாதிரியே நின்றோம்.

அப்படித்தான் ஆடி மாசம் முழுக்கக் கோணமந்தை ஏறக் கற்றுக்கொண்டது, ஏனென்றால் மாதம்மா தனியாகக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று, பக்கத்துக் கடைக்காரன் என்ற பாவத்துக்கு என்னையும், வாயாடிய பாவத்துக்குப் புண்ணாக்குக் கடைக்காரனையும் இழுத்துவிட்டாள், எங்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். நெட்டுப் பாறையில் கை வைக்க ரெஜினா விடவில்லை. ஏரிக்கரையில் ஆள் உயரக் குண்டுக்கல் கிடக்கிறது, அதன் அடியில் இலவம்பஞ்சு மெத்தைகளைப் பரப்பி, முதலில் விழக் கற்றுக்கொடுத்தாள். முழங்காலை மடக்கி விழு, கையை ஊன்றாதே, கை ஊன்றினால் மணிக்கட்டு போகும். பிறகு ஏறுவது. நாங்கள் எல்லாரும் மூட்டை தூக்கிப் பழகிய ஆட்கள், கையால் தொங்கி இழுத்து, ரெண்டு எட்டில் மூச்சு வாங்கிப் பொத்தென்று விழுந்தோம்.

"கையில ஏறாதீங்க, கால்ல ஏறுங்க" என்றாள். "படி ஏறும்போது கைப்பிடியப் புடிச்சுத் தொங்கறீங்களா? கை சும்மா சாயாமப் பாத்துக்கறதுக்கு."

விரல் நோகிற அளவுக்கு இறுக்கமாக மூடின ரப்பர்ச் செருப்பு போட வேண்டும், விரல் நுனியால் பாறைப் பருவின் மேல் நிற்க வேண்டும். சட்டிபோலத் தலைக்கவசம் வேண்டும், புண்ணாக்குக் கடைக்காரன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தான், "இதப் போட்டா மேலேர்ந்து விழற கல்லு தெரியாது, கேக்காது, கவலையில்லாமச் சாவலாம்" என்று அதைத் திருப்பி அனுப்பினாள். கையில் மோதிரம் கூடாது, பாறை வெடிப்பில் மாட்டினால் விரலோடு வரும். அதுவரைக்கும் சரி. காலில் மெட்டியும் கூடாது, செருப்புக்குள் விரலை அறுத்துவிடும் என்றபோது ஊர்ப் பெண்கள் சத்தம் போட்டார்கள். புருசன் உயிரோடு உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? இடி காத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இது என்ன சகுனம்?

மாதம்மா உட்கார்ந்து, எச்சில் தொட்டு, ரெண்டு மெட்டியையும் உருவி என் கையில் வைத்தாள். "மெட்டி போட்டுக்கிட்டு கீழ உக்காந்திருந்தா இடி வராதா?" என்று கேட்டாள். சந்தைப் பழந்துணிக் குவியலில் பொறுக்கிய நீலக் கால்சட்டையும் அதன்மேல் முழங்கால் வரை தூக்கிச் செருகிய சேலையுமாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் அன்றோடு சிரிப்பை நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும் விட ஊரைப் பிடித்துக்கொண்டது ஒரு வழக்கம். ஏறுகிறவர் இடுப்புப்பட்டையை மாட்டி, கயிற்றை எட்டு மாதிரி முடிந்து, அந்த எட்டையே திரும்பத் தடம் பிடித்து இன்னொரு எட்டாக முடிய வேண்டும். அதைக் கீழே கயிறு பிடிக்கிறவர் கையால் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். கயிறு பிடிக்கிறவரின் கொக்கியும் திருகும் பூட்டியிருக்கிறதா என்று ஏறுகிறவர் தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை வருசம் பழகியிருந்தாலும், எவ்வளவு அவசரமானாலும், ஒவ்வொரு தடவையும். நம்பிக்கை இல்லையா என்று முதலில் எல்லாரும் முறைத்தோம். "நம்பறதாலதான் பாக்கறோம்" என்றாள் ரெஜினா. ஆவணியில் பார்த்தால் பஸ் புறப்படுவதற்கு முன் கண்டக்டர் டிரைவரின் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறார், முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பெண்ணின் முடிச்சையும் பெண் மாப்பிள்ளையின் முடிச்சையும் இழுத்துப் பார்க்கிறார்கள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஒருவர் பைவாரை ஒருவர் சுண்டிவிட்டு உள்ளே போகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாறை நின்றது மாதிரி அதுவும் நடந்துவிட்டது.

பேச்சில்தான் சிக்கல் வந்தது. மேலே இருக்கிறவர் கயிறு வேண்டும், கயிறு போதும், இறக்கு என்று கத்த வேண்டும், கீழே இருக்கிறவர் அதன்படி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் சத்தமாகச் சொன்னதை நம்புகிற பழக்கமே கிடையாது. மாதம்மா "போதும்" என்று கத்தினால், சந்தையில் போதும் என்றால் இன்னும் கொடு என்று அர்த்தம் என்பதால், நான் இன்னும் கயிறு விட்டேன். அவள் மெத்தையில் வந்து உட்கார்ந்து, என் பரம்பரையை எழுப்பினாள். கடைசியில் ரெஜினாவே கத்துவதை விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்துக் காட்டுகிற சாடையைக் கற்றுக்கொடுத்தாள். ஒரு சுண்டு, கயிற்றை இழுத்து வாங்கு. ரெண்டு சுண்டு, விடு. அதன் பிறகு எங்களுக்குத் தப்பே வரவில்லை. கையால் கையிடம் சொன்னால் நாங்கள் நம்புவோம்.

புரட்டாசி பாதியில் வானம் மேற்கே கறுக்கத் தொடங்கிய ஒரு புதன்கிழமை, மாதம்மா கடையைத் திறக்கவில்லை. ரெஜினா முதலில் ஏறிப் போய் உச்சியில் கயிற்றைக் கொக்கிகளில் கோர்த்து உட்கார்ந்தாள். கயிற்றின் ஒரு முனை மாதம்மாவின் இடுப்பில், மறுமுனை மேலே போய்த் திரும்பி வந்து என் இடுப்புக் கொக்கியில். நான் அவளில் பாதி எடை. அதனால் புளியமரத்தடியில் கொட்டிய மணலை வேறு மூட்டையில் அள்ளி என் பின்னிடுப்போடு கட்டினார்கள். நான் அவள் முடிச்சைத் தொட்டு இழுத்தேன். அவள் என் திருகைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாட்ட ஓட்டற மாதிரி இழுத்துப் புடிக்காத சாம்ராசு. வாங்கணும்னாச் சுண்டறேன்."

"நீ ஏறுக்கா."

ஏறினாள். சேலைச் செருகலும் நீலக் காலுமாக, கையால் தொங்காமல், காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, ஒரு பல்லி சுவரில் யோசித்து நிற்கிற மாதிரி நின்று நின்று, எருமையாக இருந்த காலத்தில் விலாவாக இருந்த பாறைப் பிதுக்கம் வரைக்கும் போனாள். அங்கே பாறை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டக் கொஞ்ச நேரம் காலை நம்பிக் கையை விட வேண்டும். மாதம்மா தன் வாழ்நாளில் பிடித்த பிடியை விட்டதில்லை. அங்கேயே தொங்கினாள். உச்சி விளிம்பில் பூங்காவனத்தின் தலை தெரிந்தது. இழுத்துப் பிடிக்காதே என்று அவள் சொன்னதால் நான் கொஞ்சம் தளரவே விட்டிருந்தேன். அவள் கை விட்டது.

விழுந்தாள். நான் என் கீழ்க்கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவில்லை, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. கயிறு என் இடுப்பைப் பிடித்துத் தூக்கியது, மணல் மூட்டையோடு நான் தரையைவிட்டு எழும்பினேன், அவள் இறங்க நான் ஏற, சந்தைக் கிணற்று வாளிகள் மாதிரி ஒரு நொடி ஆடி, கயிறு நீண்டு, பிறகு நின்று, பிறகு சுருங்கியது. அவள் பாறையில் உரசாமல் காலை ஊன்றித் தொங்கினாள். மேலே, பூங்காவனம் தன் தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், விளிம்புக்கு இத்தனை கிட்ட அவர் அதுவரை வந்ததே இல்லை.

"உசுரோட இருக்கியா சாம்ராசு?" என்று தொங்கியபடியே கேட்டாள் மாதம்மா.

"நான் ஏறிட்டேன்கா. நீதான் இன்னும் பாக்கி."

அவள் சிரித்த சிரிப்பு கயிறு வழியாக என் இடுப்புக்கு வந்தது. கொஞ்ச நேரம் சும்மா தொங்கினாள். இடுப்பைப் பிடித்திருந்த பட்டையைத் தடவிப் பார்த்தாள், கயிற்றைத் தடவிப் பார்த்தாள், மணல் மூட்டையின் கந்தலைத் தடவிப் பார்த்த அதே கையால். பிறகு பாறையைத் தொட்டு, பிதுக்கத்துக்குப் போய், இந்தத் தடவை பிடியைத் தானாகவே விட்டு, காலை நம்பி, தாண்டிப் போய்விட்டாள்.

உச்சியில் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை. கயிறு நின்றது, அவ்வளவுதான் தெரியும். ரொம்ப நேரம் நின்றது. பிறகு ரெண்டு சுண்டு வந்தது, நான் கயிறு விட, மாதம்மா தனியாக இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சந்தைக்காரி முகம். யாரோ, "கூப்பிட்டியாக்கா?" என்று கேட்டதற்கு, "மெட்டியக் குடு" என்று என்னிடம் கையை நீட்டினாள். அவ்வளவுதான், பேரம் முறிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இத்தனை மாசம் ஏறக் கற்றுக்கொண்டு ஒரு வார்த்தை கூப்பிட முடியாதா என்று திட்ட வாயைத் திறந்தேன்.

அப்போது, மாதம்மா அவிழ்த்துவிட்டதும் ரெஜினா மேலே இழுத்துக்கொண்ட கயிறு என் இடுப்பில் மறுபடி சுண்டியது. மேலே ரெஜினா இடுப்புப்பட்டை மாட்டி விளிம்பில் இறக்கிவிட்ட ஆள் பூங்காவனம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கை காலை உதறாமல், நல்ல சரக்கு மூட்டை மாதிரி இறங்கினார். நான் சத்தம் போடாமல் கயிறு விட்டுக்கொண்டே இருந்தேன். தரையில் கால் பட்டதும் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் திறந்து மாதம்மாவைத் தேடினார். அவள் பாறையில் சாய்ந்து மெட்டியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"துண்டுக்குள்ள கைய விட்டா" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார், ஏதோ திருட்டுப் போன சரக்கைப் பற்றிப் போலீசில் சொல்லுகிற மாதிரி. "நான்தான் துண்டப் போத்தினேன். எவ்வளவு கேப்பான்னு பாத்தேன். ஒரு விரலயும் புடிக்கல. கணுவத் தொடல. கையச் சும்மா என் கைமேல வெச்சிருந்தா. எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா இந்தத் துண்டுக்குள்ள வெல சொல்லாத கை ஒண்ணு கூட வந்ததில்ல. அப்பறம் எடுத்துக்கிட்டுப் போயிட்டா." அவளைப் பார்த்தார். "அதுக்கு என்னாடி அர்த்தம்? அது தெரியாம எப்பிடி மேல உக்காந்திருப்பேன்?"

மாதம்மா ரெண்டாவது மெட்டியையும் போட்டு முடித்தாள். எழுந்தாள்.

"ராயக்கோட்டக்குப் போயி என் பசுவ ஓட்டிக்கிட்டு வா. சொல்றேன்."

பூங்காவனம், கால் மரத்திருந்ததால் ஒரு கை தரையில் ஊன்றி எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கினார். சந்தை வழி விட்டது. மேலே ஆடுகள் கத்தின, அவற்றை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டி இறக்க ரெஜினாவுக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது, அது வேறு கூத்து. பாறை இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறது, அதற்குக் கால் வலிப்பதாகத் தெரியவில்லை.

"நில்லு" என்றாள் மாதம்மா.

நின்றார். அவள் நடந்து போனாள், அவர் பக்கமாக, எல்லாரும் பார்க்க. இடுப்பில் அவர் கட்டியிருந்த வேட்டி முடிச்சை ரெண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். பூங்காவனம் மேலே இருந்த மாசங்களில் ஊர் பழகிக்கொண்டதை அறியாதவர், எதற்கு என்று புரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ம். போ" என்றாள்.